புதுத் தோல்

பீப்! கைரேகை மெஷினில் மூன்றாவது முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

பூமாரி விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். மகளின் நர்ஸிங் படிப்புக்கு அந்த அரசாங்க உதவித்தொகை வந்தே ஆகவேண்டும்.

"பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே அழிஞ்சுபோச்சுக்கா," என்றார் கிளார்க் தனசீலன். "ஒரு மாசம் சோப்புத் தண்ணியத் தொடாதீங்க. புதுத் தோல் வரும், கூடவே ரேகையும் வரும்."

மாட்டுங்கா மெஸ்ஸில் அவளுக்குப் பதிலாகக் கணவன் சுடலைக்கண்ணன் பாத்திரம் தேய்த்தான். பூமாரி தாராவி வீட்டில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் காத்திருந்தாள்.

மறுமாதம் பச்சை விளக்கு எரிந்தது.

"வந்துட்டு சார்!"

பக்கத்திலிருந்த பெரிய அதிகாரி அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, இந்தியில் ஏதோ சொல்லி, மனுவில் கிறுக்கினார்.

தனசீலன் தலை குனிந்துகொண்டார்.

"அக்கா, இந்தத் தொகை பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு மட்டுந்தான். இது பாத்திரம் தேய்ச்ச கையே இல்லைன்னு சாப் எழுதிட்டாரு!"