ஞாயிறு மட்டும் நார்மல்

"இந்த வீட்டுப் பெண்ணுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது" என்று, சிறுநீரைச் சோதித்துச் சொல்லும் எங்கள் கழிவறை அறிவித்தது. வீட்டில் பெண் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து காபியில் சர்க்கரை இல்லை, சோறு பாதி, மொட்டை மாடியில் தினமும் நாற்பது சுற்று. ஒரு மாதமாகியும் அது அதையேதான் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் "நார்மல்" என்றது.

ஞாயிறன்று சமையல்காரி எஸ்தருக்கு விடுமுறை.

எங்கள் கழிவறைக்குப் போகிறாயா என்று திங்களன்று அவளிடம் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள். வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக் கழிவறைக்குள் போகக் கூடாது என்பது எங்கள் அடுக்ககத்தின் விதி. நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"மன்னிச்சிருங்கக்கா. அவ்ளோ நேரம் அடக்க முடியல. வேலைய விட்டு மட்டும் நிறுத்திராதீங்க."

"அட, அதுக்கில்ல எஸ்தர். சுகர் எனக்கில்ல, உனக்கு. பார்டர்லதான் இருக்கு, இப்பவே பாத்துக்கிட்டா சரியாயிரும்."

"அவ்ளோதானாக்கா?" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று எனக்கு இரண்டு கரண்டி சர்க்கரையோடு காபி வந்தது. அவள் சர்க்கரை இல்லாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் பெயரையும் கழிவறையில் பதிந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அது என்னிடம் கேட்டது: "எஸ்தரை இன்னும் காணோமே, உடம்புக்கு முடியவில்லையா?"