வலது ஓர ஆட்டக்காரன்

“காலை நீட்டுடா எட்வின், ஆட்டத்துக்கு நேரமாச்சு” என்று டாபிதா தரையில் மண்டியிட்டாள்.

கிரிம்ஷா காலை நீட்டினான். அவள் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டியபோது கால்விரல்கள் நெரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டான்.

“இறுக்கமா இருக்கா?”

“இல்லம்மா. இப்படி இருந்தாத்தான் பந்து சொன்ன பேச்சு கேக்கும்.”

டாபிதா சிரித்தாள். “மில்லுப் பஞ்சு தலையெல்லாம் ஒட்டியிருக்கு பாரு” என்று அவன் காதோரம் விரலால் தட்டிவிட்டாள். வெள்ளை போகவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்து அவன் தலையில் அழுத்தினாள்.

அடுப்புக்கு மேலே செய்தித்தாள் துண்டு ஒன்று சட்டமிட்டு மாட்டியிருந்தது. எட்வின் கிரிம்ஷா, கால்டர்மூர் அணியின் வலது ஓர ஆட்டக்காரன். பந்து உதைக்கக் கூலி வாங்கலாம் என்று கால்பந்துச் சங்கம் ஒத்துக்கொண்ட வருஷமே தறியை விட்டு மைதானத்துக்குப் போனவர்களில் ஒருவன்.

“அன்னிக்கு உங்கப்பா போட்ட கூச்சல் இன்னும் காதுல நிக்குது” என்றாள் டாபிதா. “‘விளையாடக் கூலி வாங்குறவன் என் வீட்டு மேஜைல உக்காரக் கூடாது’ன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சாரே! ஊரே உன்னைப் பாக்க ஓடுது. அந்த மனுஷன் ஒரு தடவையாவது வந்து பாத்தாரா?”

“மில்லுல வேலை இருந்திருக்கும்மா.”

“சனிக்கிழமை மத்தியானம் எந்த மில்லுடா ஓடுது?”

கிரிம்ஷா எழுந்தான்.

பக்கத்து வீட்டு நான்சி ஆஷ்வொர்த்தின் கொல்லையில் அவனுடைய மரக்கட்டைச் செருப்பு இருந்தது. பூட்ஸைக் கழற்றிக் கரிக் கொட்டகையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான். துணி உலர்த்திக்கொண்டிருந்த நான்சி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் விடுதிப் பக்கம் அவன் போகவில்லை. நெசவாளர்களோடு மைதான ஓரக் கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டான். எட்வினின் இடத்தில் இப்போது செம்பட்டைத் தலை இளைஞன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

யார் பந்தைத் தள்ளியது, எந்தக் காலால் அடித்தது, எதிரணியான ஸ்டோன்பெக்கின் கோல் காப்பாளன் எந்தப் பக்கம் விழுந்தான் என்று கிரிம்ஷா ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பதியவைத்தான். வீட்டில் டாபிதா எல்லாவற்றையும் கேட்பாள்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது செம்பட்டைத் தலையன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு ஓரத்திலிருந்து உள்ளே புகுந்தான். கோல்! தொப்பிகள் பறந்தன. கிரிம்ஷாவும் தன்னை மறந்து கத்திவிட்டான்.

பக்கத்தில் நின்ற ஆள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “என்ன ஓட்டம் பாத்தீங்களா! இவனைப் பெத்தவன் இங்க நின்னு பாத்திருந்தா பெருமைல நெஞ்சு வெடிச்சிருக்கும்.”

கிரிம்ஷா தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து, நான்சியின் கொல்லையில் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டான். குனிந்து ஈர மண்ணை அள்ளி அதன் மேலும் முழங்காலிலும் பூசினான்.

டாபிதா ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த சட்டியை மேஜையில் வைத்துக் காத்திருந்தாள்.

“ரெண்டுக்கு ஒண்ணும்மா. ஜெயிச்சிட்டோம். கடைசி கோல் என்னோடது. ரெண்டு பேரை ஏமாத்திட்டு உள்ள போனேன், இடது காலால ஒரே அடி. கோல் காக்குறவன் வலது பக்கம் விழுந்தான், பந்து இந்தப் பக்கம் போயிடுச்சு.”

“என் ராசா!” அவள் இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பதைக் கேட்டாள். “உங்கப்பா வந்தாராடா?”

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் இல்லை என்று தலையாட்டுவான். இன்று தலை அசையவில்லை.

“வந்தாரும்மா. கயித்துக்கிட்ட நின்னு முழு ஆட்டமும் பாத்தாரு.”

டாபிதாவின் கை அப்படியே நின்றது. “நிஜமாவா? என்னடா சொன்னாரு?”

“முதல் நாளே வந்திருக்கணும்னு சொன்னாரும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வாளியோடு வெளியே வந்தான்.

தெருக்குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கிரிம்ஷா குலுங்கிக் குலுங்கி அழுதான். வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தது.

நான்சி வந்து குழாயை மூடினாள்.

பிறகு மெல்லச் சொன்னாள்: “பையனைப் பொதைச்சு மூணு வருஷமாச்சு, இன்னும் எத்தனை நாளைக்குங்க கட்டின பொண்டாட்டியை அம்மான்னு கூப்பிடுவீங்க?”