செவ்வாய் மத்தியானம் வரைக்கும்

"இன்னைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறீங்களா, இல்ல நானே நடந்து போயிக்கவா?"

ஜீவராணி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பெண்களும் பிள்ளைகளும் படுக்கிற வார்டு அது. அந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பதே அந்த ஒரு வார்டுதான்.

டொக்டர் தரணிதரன் அவள் கண்ணிமையை விரித்துப் பார்த்தார்.

"வீக்கம் இன்னும் முழுசா வத்தலையேம்மா."

"எங்கங்க வீக்கம்? என் மூஞ்சியே இதுதான் டொக்டர் ஐயா!"

பக்கத்துக் கட்டில் அன்னம்மாவும் எதிர்க் கட்டில் சர்மிளாவும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மூவரும் ஒரே தோட்டம், ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள். போன வியாழன் குளவிக்கூடு கலைந்து மூவரையும் துரத்தித் துரத்திக் கொட்டியதில் ஒன்றாக வந்து படுத்தார்கள். காய்ச்சலும் கடுப்பும் வெள்ளியோடு போய்விட்டன. இன்று திங்கள்.

"இன்னும் ஒரு நாள். நாளைக்குச் செவ்வாய் மத்தியானம் வரைக்கும் இருங்க. நானே அனுப்பிவிடுறேன்."

"நேத்தும் ஒரு நாள்னீங்க. முந்தாநாளும் ஒரு நாள்னீங்க. மக நிலக்ஷிக்கு ரெண்டு வயசுங்க. அவரு பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்கு வேலைக்குப் போறாரு. ராத்திரி பூரா அம்மா அம்மான்னு அழுவுதாம். இருமல் வேற."

அன்னம்மா போர்வைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"கட்டிலு காலியாக் கெடந்தா ஐயாவுக்குத் தூக்கம் வராதுடி. தலைக்கு இவ்வளவுன்னு கவர்மெண்டு சல்லி குடுக்குதுல்ல!"

டொக்டரின் முகம் செத்துப்போனது. அவள் சொன்னதிலும் பொருள் இல்லாமல் இல்லை. மூலைக் கட்டில் ஆச்சிக்கு இருமல் நின்று மூன்று நாளாகிறது. காது வலி என்று வந்த பிள்ளை ஜன்னல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறது. ஒருவரையும் அவர் விடவில்லை.

"மூணு பேரும் என் ரூமுக்கு வாங்க" என்றார்.

ரூமில் கதவைச் சாத்திவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"ஒரே ஒரு நாள்மா. எனக்காக."

"உங்களுக்காக நாங்க எதுக்குங்க படுக்கணும்? காரணத்தைச் சொல்லுங்க, இருக்கோம்."

"சொல்லக்கூடிய காரணமா இருந்தா சொல்ல மாட்டேனா?"

"அப்போ அன்னம்மாக்கா சொன்னது சரிதான்" என்றாள் ஜீவராணி.

டொக்டர் பேனாவை எடுத்தார். சொந்த விருப்பத்தில் போகிறோம் என்று காகிதத்தில் எழுதி நீட்டினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"வெட்டிட்டாருல்ல டிக்கட்டை! போடுற விதத்துல சத்தம் போட்டா நடக்கும்" என்று வார்டுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள் அன்னம்மா. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஆட்டோவுக்குள் ஒரே சிரிப்பு.

மூன்று வாரம் போயிற்று.

மழை விடாத ஒரு பின்னேரம், ஜீவராணியும் புருசன் கஜேந்திரனும் நிலக்ஷியைத் தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது.

வார்டுக் கதவில் பூட்டு.

"வார்டு இல்லம்மா. போன திங்கக்கெழமதான் மூடிட்டாங்க" என்றான் வாச்சர் சின்னராசா, குடையோடு ஓடிவந்து. "இப்பக் காலையில மருந்து குடுக்குறதோட சரி. டிக்கோயா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"ஒரு மணி நேரத்துக்கு மேல போகணுமேண்ணே! புள்ள தாங்காது. மூக்குல வச்சுப் புகை குடுப்பாங்களே, அந்த மெசினையாவது..."

"அதையும் லொறியில ஏத்திட்டாங்கம்மா."

கஜேந்திரனுக்கு ஆத்திரம் வந்தது. "யாருய்யா மூடுனது? எங்க அந்த டொக்டர்?"

"அவரையும் மாத்தியாச்சு. செலவைக் கொறைக்கணும்னு மேலேருந்து உத்தரவு. போன மாசம் ஒரு செவ்வாய்க்கெழம காலையில சொல்லாமக் கொள்ளாம வந்து கட்டிலை எண்ணுனாங்க. பத்துப் பேரு படுத்திருந்தா வார்டு இருக்கும், கொறைஞ்சா மூடணும். ஐயாவுக்கு மட்டும் எப்படியோ முன்னாடியே தெரிஞ்சிருக்கு, வெளிய சொன்னா வேலை போயிரும். எண்ணுனா ஏழுதான் இருந்துச்சு."

பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த ஜீவராணியின் கை அப்படியே நின்றது.

"மொத நாளு வரைக்கும் சரியாப் பத்து" என்றான் சின்னராசா. "மூணு பேரை அன்னைக்குன்னு பார்த்து ஏன்யா அனுப்புனீங்கன்னு ஊரே கூடி வந்து ஏசாத ஏச்சு இல்ல. ஒருத்தன் மண்ணை வாரியே எறிஞ்சான்."

"அவரு... அதுக்கு என்ன சொன்னாரு?" ஜீவராணி தலையை நிமிர்த்தவில்லை.

"என்னத்தச் சொல்லுவாரு? ‘அவங்களுக்குக் குணமாயிருச்சு, நான்தான் போகச் சொன்னேன், தப்பு என்னோடது’ன்னுட்டு, மண்ணைத் தட்டிவிட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு."