உள்ளூர் சாக்ஸபோன்

முதலில் சிரித்தது மேலாளரா, நானா என்று சரியாக நினைவில்லை. நானாகத்தான் இருக்கும்.

எங்கள் சமூக வானொலியில் நான் நடத்தும் ஜாஸ் நேரத்தில் உள்ளூர்க் கலைஞர் ஒருவரைச் சேர்ப்பதாக இருந்தோம். வந்திருந்த ஒரே பதிவான, ஒரு பெண்மணியின் சாக்ஸபோன் வாசிப்பை ஸ்டூடியோவில் போட்டுக் கேட்டோம்.

"இந்தம்மாவுக்கு மூக்கடைப்பாய்யா?" என்றார் மேலாளர்.

"யாரோ பூனை வாலை மிதிச்சிட்டாங்க சார்," என்றேன். அவர் நினைத்தால் என் நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் பதறிக் கையாட்டினார். மைக்கை அணைக்க மறந்திருந்தோம். ஊரே கேட்டுவிட்டது.

மேலாளருக்கு முகம் வெளிறியது. "உடனே அந்தம்மாவுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேளுய்யா. நம்பர் இருக்கா?"

"இருக்கு சார். என் வீட்டு நம்பர்தான்."

மேலாளர் இன்னும் மேலாளர்தான். ஜாஸ் நேரம் இன்னும் என்னிடம்தான். மனைவி அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அங்கே தினமும் வாசிக்கிறாளாம்.