நாற்பது வீட்டுக்கு ஒரு கையெழுத்து

“பாதையெல்லாம் சேறு தம்பி. லோரியே புதைஞ்சு போச்சு. நீங்க எதுக்கு அலையணும்? இங்கயே உக்காந்து கையெழுத்துப் போட்டுருங்க லா.”

தோட்டத் தொழிலாளர் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி தாயம்மா சான்றுக் காகிதத்தை நகர்த்தினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறும் நாற்பது குடும்பங்களுக்கான வீடுகள். மழைத்தண்ணீர்த் தொட்டி, நல்ல காற்றோட்டம், பகலில் விளக்கே வேண்டாத வெளிச்சம் என்று திட்டம் பிரமாதம். எல்லாம் சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதிக்கத்தான் கட்டட மேற்பார்வையாளர் சேதுவை ரவாங் ஊரிலிருந்து ஈஜோக்குக்கு வரவழைத்திருந்தார்கள்.

“பாக்காம எப்படிக்கா போடுறது? தொட்டியில தண்ணி நிரப்பி ஒரு நாள் வச்சுப் பாக்கணும்.”

“கட்டுனது என் கூடப்பிறந்தவன். அவன் மேல நம்பிக்கை இல்லையா?”

“அதனாலதான்க்கா வெளியாள் பாக்கணும்.”

தாயம்மாவின் முகம் இறுகியது. “தீபாவளிக்கு வீடு வேணும்னு சனங்க என்னைப் பிடுங்குறாங்க. போட்டீங்கன்னா அடுத்த ரெண்டு வருசத்துக்குச் சங்கத்து வேலையெல்லாம் உங்களுக்குத்தான். இல்லேன்னா இப்பவே பஸ்ஸைப் பிடிங்க.”

சேது பேனாவைப் பார்த்தான். ஒழுங்காகக் கட்டாத கால்வாய் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்து எட்டு மாதம் ஆகிறது. பொருளாதாரம் சரிந்து கிடக்கும் இந்த எண்பத்தாறாம் வருடத்தில் யார் புதிதாக ஆள் எடுக்கிறார்கள்? ‘இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு இருங்க’ என்று மனைவி லெட்சுமி காலையில் கண்கலங்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். பேனாவை எடுத்து மூடியையும் திறந்துவிட்டான்.

கை ஓடவில்லை. நாளைக்குக் கூரை ஒழுகினால் பச்சைப் பிள்ளைகள் அல்லவா நனையும்?

“செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்குறேன்க்கா. வீட்டைக் காட்டுங்க. இல்லேன்னா நான் கிளம்புறேன்.”

 எழுந்து வாசல்வரை போய்விட்டான். லெட்சுமிக்கு என்ன பதில் சொல்வது?

“நில்லுங்க தம்பி.” தாயம்மா காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். “வாங்க, காட்டுறேன்.”

செம்பனை மரங்களைத் தாண்டி இருவரும் நடந்தார்கள். பாதை காய்ந்துதான் கிடந்தது. அதன் முடிவில் வெட்டவெளி. நிலமெங்கும் முளைக்குச்சிகளும் அவற்றில் கட்டிய கயிறும்தான். ஒரு செங்கல்கூட இல்லை.

சேது திகைத்துப்போய்த் திரும்பினான்.

“அஸ்திவாரமே அடுத்த வாரந்தான் தம்பி. முதல் நாள்லேருந்து கூடவே நின்னு பாக்க ஒரு ஆள் தேடுறோம். உங்களுக்கு முன்னால வந்த மூணு பேரும் பாக்காமலேயே நாப்பது வீடும் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”