மூலையில் மொய்த்த விரல்கள்

மாத்திரை வேளையை நினைவூட்டும் எங்கள் புதுச் செயலியைச் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். காலையிலிருந்து அவர்கள் தடவிய சின்னப் போன் மேசையில் கிடக்கிறது. மேலாளர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறார். அணைந்த திரையெங்கும் விரல் எண்ணெய், வியர்வை, ஓரத்தில் யாருடைய தும்மலோ காய்ந்த புள்ளிகள். வலது மூலையில் மட்டும் ரேகைமேல் ரேகையாக, ஈ மொய்த்த இடம்போல் அழுக்கு தடித்திருக்கிறது. மாத்திரை நேரத்தை மறைத்துக்கொண்டு வரும் விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி அங்கேதான். கணினியின் பெரிய திரையில் மவுஸால் ஒரு சொடுக்கு போதும், மூடிவிடும். இங்கே அது கடுகளவு; கட்டைவிரல் பட்டால் விளம்பரம்தான் திறக்கும். "மூடு" என்று வாயால் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. அப்படி வைக்கச் சொன்னவர் மேலாளர், வரைந்தது நான். "பாருப்பா, என்னமா அமுக்கியிருக்காங்க! ஒருத்தராலயும் மூட முடியல, விளம்பரம் திறக்கத் திறக்க நமக்குக் காசு." மேலாளருக்கு வாயெல்லாம் பல். "மாத்திரை நேரமே தெரியாம தவிச்சாங்க சார். கை நடுங்கற பெரியவர் ஒருத்தர் அழுதே போயிட்டார்," என்கிறேன். "விடுப்பா, பழகிடும்." திரைமேல் ஹாவென்று வாயாவி விட்டு, சட்டை நுனியால் துடைக்கிறார். அழுக்கு போகவில்லை, பளபளவென்று திரை முழுக்கப் பரவுகிறது. அந்த நுனியை இடுப்பில் செருகிக்கொண்டே குரலைத் தாழ்த்துகிறார்: "அப்புறம்ப்பா, எங்கம்மா போன்ல மட்டும் அந்தக் குறியைப் பெருசா வெச்சுக் குடுத்துடு. பாவம், அவங்களுக்குக் கை நடுங்கும்."