மஞ்சளாக இருக்க வேண்டிய தட்டு

இன்குபேட்டரைத் திறந்ததும் ஷர்லிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேல் அடுக்கில் இருந்த பெட்ரி தட்டுகள் அத்தனையும் ரோஸ் நிறமாகியிருந்தன.

ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் பறித்த இலை. அந்த இலைக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்த பூஞ்சை. ரத்தப் புற்றுக்கு மருந்தாகும் நொதியை அது சுரந்தால், உணவாகத் தட்டில் ஊற்றியிருக்கும் மஞ்சள் கூழ் அதைச் சுற்றி ரோஸாகும்.

முதல் வருடம் தாராளமாகச் சுரந்தது. அப்புறம் ஆய்வகச் சாப்பாடு பழகிப்போய்ச் சோம்பேறியாகிவிட்டது. மதியம் திருச்சியிலிருந்து தேர்வாளர் வருகிறார். இன்றும் சுரக்காவிட்டால் ஷர்லியின் முனைவர் பட்டம் அவ்வளவுதான்.

சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அந்த வரிசையில் பூஞ்சையே வைக்காத தட்டு ஒன்றும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. என்ன ஆனாலும் மஞ்சளாகவே இருக்க வேண்டியது. அதுவும் ரோஸாக இருந்தது.

மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாக மூன்று கோடுகள். எல்லா மூடிகளிலும் அதே மூன்று கோடுகள். யாரோ பூசிவிட்டு, ஆசை தாங்காமல் மூடியைத் தூக்கியும் பார்த்திருக்கிறார்கள். உதிர்ந்த விபூதி கூழில் கிடந்தது. சாம்பல் பட்டாலும் அந்தக் கூழ் ரோஸாகும்.

அந்த ஆய்வகத்தில் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவள் ஷர்லியின் ஜூனியர் பிரகதீஸ்வரி ஒருத்திதான். வழிகாட்டிப் பேராசிரியர் அறிவுச்செல்வன் அவளைத்தான் பிடித்துக்கொண்டார். ஆயுத பூஜைக்குக்கூட அந்த அறைக்குள் பொரிகடலையை விடாத மனிதர். எப்போதும் கறுப்புச் சட்டைதான்.

"லேபுக்குள்ள மூடநம்பிக்கைக்கு எடமே கெடையாதுன்னு எத்தன தடவதாம்மா சொல்றது?"

பிரகதீஸ்வரி அசரவில்லை. "நான் என் நெத்தியில பூசிக்குவேங்க சார். அக்கா தட்டுல பூசி எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவர் முகத்தைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே குடுமியான்மலைக் கோயில் பேர் போட்ட ஒரு காகிதப் பொட்டலம் வந்து பிரிந்து விழுந்தது. கறுப்புச் சட்டையில் சிந்திய விபூதி பளிச்சென்று தெரிந்தது.

டவுனில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று குடுமியான்மலை வரை பஸ் ஏறிப் போயிருக்கிறார், பாவம்.

யாரும் சிரிக்கவில்லை. பிரகதீஸ்வரி மட்டும் சுவரில் இருந்த தனிம அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படித்தாள்.

ஷர்லிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு இளகிவிட்டது. தன் பட்டத்துக்காக இந்த மனிதர் சாமியிடமே போயிருக்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட அவளுக்கு மனமில்லை.

"நம்பிக்கையெல்லாம் வாசலோட விட்டுட்டு வரணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள்.

அவர் சட்டையில் ஒட்டிய விபூதியைத் தட்டிவிட்டார்.

கீழ் அடுக்கின் கடைசி மூலையில் இன்னொரு ஜோடித் தட்டுகள் இருந்தன. வைத்தவள் ஷர்லிதான். இடுப்புவலிக்காரரான சார் அவ்வளவு தூரம் குனிய மாட்டார். அவள் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு அவற்றை எடுத்தாள்.

மூடிகளில் கோடு இல்லை. பூஞ்சை வைக்காத தட்டு மஞ்சளாகவே இருந்தது. மற்றதில் பூஞ்சையைச் சுற்றி மட்டும் வட்டமாக ரோஸ். சோம்பேறி கடைசியில் வேலை பார்த்துவிட்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரகதீஸ்வரி ஷர்லியைக் கட்டிக்கொண்டாள்.

தேர்வாளரின் கார் வாசலில் வந்து நின்றது. இருவரும் அவரை வரவேற்க ஓடினார்கள்.

தனியாக நின்ற ஷர்லி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். பூஞ்சை இருந்த தட்டை மெல்லத் தூக்கி, அடியில் தான் மார்க்கரால் போட்டிருந்த சின்னச் சிலுவையைத் தடம் தெரியாமல் துடைத்தாள்.